ரோலைஃப்ளெக்ஸ் 2.8 ஏ: பூச்சும் கூர்மையும்

120 ஃபிலிம் கேமராக்களைப் பழையவை, புதியவை என்று பிரிக்கச் சேகரிப்பாளர்கள் வழக்கமாகப் பார்ப்பது லென்ஸ் வளையத்தில் பொறித்த சிவப்பு 'டி' எழுத்தை. ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935இல் உருவாக்கிய எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சின் அடையாளம் அது. எழுத்து இருந்தால் படம் கூர்மை, இல்லாவிட்டால் மங்கல் என்பதே இந்த வாசிப்பின் சாரம்.

இதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் 4 முதல் 5 விழுக்காட்டைத் திருப்பிவிடும். நான்கு கண்ணாடிகளை மூன்று தொகுதிகளாக அடுக்கிய டெஸ்ஸார் லென்ஸில் காற்றைத் தொடும் பரப்புகள் ஆறு. ஆக, உள்ளே நுழையும் ஒளியில் ஏறத்தாழ கால் பங்கு நேர்வழியில் ஃபிலிமைச் சேர்வதில்லை. அதில் ஒரு பகுதி லென்ஸுக்குள்ளேயே அலைந்து நிழல்களை வெளுக்க வைக்கிறது. ஆனால் இவை எல்லாம் கான்ட்ராஸ்ட் பற்றிய செய்திகள். விளிம்புவரை நுண்விவரம் பதிகிறதா என்பது தனிக் கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கியதில்தான் இந்த வாசிப்பு சறுக்குகிறது.

எழுத்தைச் சான்றாகக் கொள்வதிலும் சிக்கல் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய லென்ஸ்கள் சில பின்னாளில் பூச்சேறின. அவற்றின் வளையத்தில் 'டி' கிடையாது. 1958இல் வந்த 'ரோலைஃப்ளெக்ஸ் டி' மாடலின் டெஸ்ஸாருக்குப் பூச்சு உண்டு, சிவப்பு எழுத்து இல்லை. எல்லா லென்ஸுக்கும் பூச்சு வந்தபின் அடையாளம் தேவைப்படவில்லை.

இந்த வழக்கில் முக்கியமான சாட்சி ரோலைஃப்ளெக்ஸ் 2.8 ஏ. பிரவுன்ஷ்வைக் நகரின் ஃபிராங்கே & ஹைடெக்கே அதை வெளியிட்ட ஆண்டை 1949 என்றும் 1950 என்றும் இருவிதமாகச் சொல்வதுண்டு; இக்கட்டுரை அதைத் தீர்க்க முற்படவில்லை. வளையத்தில் சிலவற்றுக்கு 'கார்ல் ஸைஸ் யேனா', சிலவற்றுக்கு 'ஸைஸ்-ஓப்டான்' என்ற பெயர். போருக்குப்பின் ஸைஸ் நிறுவனம் கிழக்கிலும் மேற்கிலுமாகப் பிளந்ததன் தடயம் இது. இரண்டுமே 80 மி.மீ. டெஸ்ஸார், எஃப் 2.8, பூச்சேறியவை. அப்படியிருந்தும் துளையை முழுக்கத் திறந்தால் மூலைகள் தளர்கின்றன என்ற பெயரே இந்த மாடலுக்கு நிலைத்தது. 1952 வாக்கில் 2.8 பி மாடலில் பயோமெட்டாரும், 2.8 சி மாடலில் ஸெனோட்டார் அல்லது பிளானாரும் டெஸ்ஸாரின் இடத்தைப் பிடித்தன. மூன்றும் ஐந்து கண்ணாடி, நான்கு தொகுதி அமைப்பு.

போர்க்காலச் சிதைவில் தொழில்நேர்த்தி குன்றியதே காரணம் என்று எதிர்வாதம் எழலாம். அதே காலத்தில் ஸைஸ் தந்த எஃப் 3.5 டெஸ்ஸாருக்கு இந்த அவப்பெயர் இல்லையே! நான்கு கண்ணாடிக் கணக்கை 2.8 வரை இழுத்ததுதான் கோளாறு என்று கொள்வதே பொருந்தும். லென்ஸுக்கு லென்ஸ் தரம் வேறுபட்டிருக்கும் வாய்ப்பை மட்டும் முற்றிலும் தள்ளிவிட முடியாது.

பூச்சின் பங்கு வேறிடத்தில் இருக்கிறது. பவுல் ருடால்ஃப் 1896இல் வடிவமைத்த பிளானாரில் காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. அவ்வளவு எதிரொளிப்பைத் தாங்கமுடியாமல் அது நெடுங்காலம் பின்தங்கியது. 2.8 சி மாடலின் பிளானாரிலும் பரப்புகள் எட்டுதான். பூச்சு அந்த வடிவத்துக்கு வழிவிட்டது. மூலைக் கூர்மையைத் தந்தது வடிவம். 1987இல் வந்த 2.8 ஜிஎக்ஸ் பல அடுக்குப் பூச்சு பெற்றும் அடிப்படையில் அதே ஐந்து கண்ணாடிப் பிளானாரையே ஏந்தியது. 1960இன் 2.8 எஃப் மாடலோடு ஒப்பிட்டால், எதிர்வெயிலில்தான் புதியதன் ஆதாயம் தெரியும்.

ஃபிலிம் தட்டையாக நிற்பதும் கணக்கில் வரவேண்டும். ரோலைஃப்ளெக்ஸில் ஃபிலிம் செங்கோணத்தில் மடங்கிப் படச்சட்டத்துக்கு வருகிறது. நெடுநேரம் நகராமல் கிடந்தால் அந்த மடிப்பு அடுத்த படத்தில் புடைப்பாகும். ரோலைஃப்ளெக்ஸுக்குத் தட்டைக் கண்ணாடி தனியாக விற்கப்பட்டதும், 1999இன் கான்டாக்ஸ் 645க்கு 220 ஃபிலிமை உறிஞ்சிப் பிடிக்கும் வெற்றிடச் செருகி வந்ததும் இதனால்தான்.

எனவே ஒப்பிட முனைவோர் லென்ஸின் பெயர், கண்ணாடி எண்ணிக்கை, துளை அளவு ஆகியவற்றை முதலில் குறிக்கட்டும். எஃப் 11இல் எடுத்த படங்களை மட்டும் வைத்துப் பழையது, புதியது என்று தீர்ப்பெழுத வேண்டாம். பழைய டெஸ்ஸாரும் அந்தத் துளையில் நன்றாகவே வரையும்.