வெள்ளிக்கிழமைத் தோட்டம்

2022 ஜூன் மாதம் அமைச்சரவை எடுத்த முடிவு ஒன்று ஞாபகம் இருக்கிறதா? அரச ஊழியர்களுக்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு. பெற்றோல் இல்லை, வேலைக்கு வந்துபோக ஏலாது என்பது ஒரு காரணம். மற்றது, வீட்டில் நின்று தோட்டம் செய்யுங்கள், சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வரப்போகிறது என்பது.

அப்போது நாங்கள் திருநெல்வேலியில் ஒரு வீட்டின் பின்பக்க அறைகளில் வாடகைக்கு இருந்தோம். ஐந்து பேர். விரிவுரைகள் பாதி ஒன்லைன், பாதி இல்லை. சும்மா இருக்கிற நேரத்தில் நாங்களும் தோட்டம் செய்வோம் என்று தொடங்கினோம். யூடியூப்பில் பார்த்து, ஆறு உரப்பையில் மண் நிரப்பி, மிளகாயும் தக்காளியும் கத்தரியும் நட்டோம். மூன்று கிழமையில் இரண்டு பை வெந்துபோனது, ஒன்றை ஆடு தின்றது, மிச்சம் மஞ்சளாக நின்றது. வீட்டுக்கார ஆச்சி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "உது பிளாஸ்ரிக் பைக்குள்ள சூடு பிடிக்குது பிள்ளையள், நிலத்தில வையுங்கோ" என்றா. பிறகு வேலியில் நின்ற பூவரசங்குழையை வெட்டச் சொன்னா. பாத்திக்கு நடுவில் கிடங்கு கிண்டி, குழையைப் போட்டு, மேலே மாட்டெருவும் மண்ணும் போட்டு மூடுவித்தா. எங்க பழகினீங்கள் ஆச்சி என்று கேட்டால், "தடைக்காலத்தில" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டா.

இந்தக் கட்டுரைக்கு வித்து அந்த ஒரு சொல்தான். எங்கட நாட்டில் தோட்டம் செய்யச் சொல்லி மக்களுக்கு யார் யார், எப்போது, ஏன் படிப்பித்தார்கள் என்று தேடத் தொடங்கினோம். தேடப் போனால் ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது. அரசிடம் அரிசியோ டொலரோ முடியும்போதெல்லாம் ஒரு வீட்டுத்தோட்டப் பிரசாரம் வருகிறது. கப்பல் வந்து சேர்ந்ததும் அது மறைந்துபோகிறது.

காலனித்துவக் காலத்தில், 1900களின் தொடக்கத்திலேயே பாடசாலைத் தோட்டங்கள் இருந்தன. கிராமத்துப் பிள்ளைக்கு 'முறையான' விவசாயம் சொல்லிக்கொடுப்பது அதன் நோக்கம். தகப்பனும் பேரனும் செய்துவந்த விவசாயத்தை முறையில்லாதது என்று வைத்துக்கொண்டுதான் பாடமே தொடங்குகிறது. இதைவிட 1942 முக்கியம். அந்த ஆண்டு மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. இலங்கை தின்ற அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அரிசி கூப்பனுக்கு வந்தது. உணவு உற்பத்தியைப் பெருக்கு என்ற குரல் எல்லாப் பக்கமும் கேட்டது. மரவள்ளியும் குரக்கனும் திடீரென்று மரியாதையான சாப்பாடாக மாறின. போர் முடிந்தது, கூப்பன் மட்டும் கனகாலம் நின்றது.

அடுத்த அலை 1970களில். வெளிநாட்டுச் செலாவணி இல்லை என்று சிறிமாவோ அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்தில் பெரியவர்களிடம் கேட்டால் இது பொற்காலம். வெங்காயம் விற்று வீடு கட்டின கதை, மிளகாய் விற்று மகளுக்குச் சீதனம் கொடுத்த கதை எல்லாம் வரும். துலா போய் இறைப்பு மெஷின் எல்லாத் தோட்டத்துக்கும் வந்தது, அதோடு யூரியாவும் பூச்சிமருந்தும் வந்தன.

எங்கள் ஐந்து பேரில் ஒருத்தி ஹற்றன் பக்கம். அவளுக்கு வீட்டில் சொன்ன 'சிறிமா காலம்' வேறு. 1973, 74இல் மலையகத் தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்தார்கள். ரேஷன் குறைந்தது, வேலைநாள் குறைந்தது, ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு. யாழ்ப்பாணத்து வெங்காயமும் மலையகத்துப் பட்டினியும் ஒரே ஆண்டுகளில் நடந்தவை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை.

அவள் கேட்ட கேள்வி எங்களுக்கு இன்றைக்கும் கிடக்கிறது: வீட்டுத்தோட்டம் போடு என்று சொல்கிறார்களே, லயத்துக்கு முன்னால் உள்ள நிலம் யாருடையது? அவளின்ட அம்மா ஐந்து பாத்தி வைத்திருக்கிறா, லீக்ஸும் போஞ்சியும். தேயிலைக் கொம்பனி வேண்டாம் என்றால் பிடுங்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அதே மண்ணில் வேலை செய்தவர்களுக்குத் தனி வீட்டோடு ஏழு பேர்ச் காணி என்ற பேச்சே இந்தக் கடைசிப் பத்துப் பதினைந்து வருடத்துக்குள்தான் வந்தது. அதுவும் எல்லாருக்கும் கிடைத்தபாடில்லை. வீட்டுத்தோட்டத்தைப் பற்றிய கையேடுகள் எல்லாம் 'உங்கள் வளவில்' என்றுதான் தொடங்குகின்றன. வளவு இல்லாதவருக்கு முதல் வரியிலேயே பாடம் முடிந்தது.

காணியும் கல்வியும் ஒன்றாகப் போக வேண்டும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். 1970களின் நடுப்பகுதியில் வவுனியாவில் தொடங்கிய காந்தியம் இயக்கத்தைப் பற்றி எங்கள் வயதில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. எங்களுக்கு முதலில் தெரியாது. மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக்கலைஞர் சொலமன் அருளானந்தம் டேவிட்டும் அதன் முன்னோடிகள். 1977 ஓகஸ்ட் வன்முறையில் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் துரத்தப்பட்டு வந்த குடும்பங்களை வன்னியில் குடியமர்த்தினார்கள். காடு வெட்டி, கிணறு வெட்டி, பயிர் வைக்கப் பழக்கினார்கள். கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து முன்பள்ளிகள் நடத்தினார்கள், நடமாடும் மருத்துவச் சேவையும் இருந்தது. தேயிலைக்கொழுந்து எடுத்துப் பழகிய கைக்கு வன்னியின் வரண்ட மண் புதிசு. மலையில் மழை தானாக வரும். இங்கே மாரியில் பெய்வதைக் குளத்திலும் கிணற்றிலும் பிடித்துவைத்து ஆண்டு முழுவதும் சமாளிக்க வேண்டும். அதனால் அங்கே விவசாயம் படிப்பது என்பது ஒரு புது ஊரில் உயிரோடு இருக்கப் படிப்பது.

அது எப்படி முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறைக்குள் நடந்த இரண்டாவது படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் தப்பினார், மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டு அங்கிருந்து செப்டெம்பரில் வெளியேறினார், நெடுங்காலம் இந்தியாவில் இருந்து, கடைசியில் திரும்பிவந்து 2015இல் கிளிநொச்சியில் காலமானார். அகதிக் குடும்பங்கள் பயிர் செய்த கென்ற் பண்ணையிலிருந்தும் டொலர் பண்ணையிலிருந்தும் தமிழர் வெளியேற்றப்பட்டு, 1984இல் சிங்களக் கைதிகள் குடும்பங்களோடு குடியேற்றப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் 30இல் புலிகள் அந்த இரண்டு பண்ணைகளையும் தாக்கி, பெண்கள், குழந்தைகள் உட்படப் பொதுமக்களைக் கொன்றார்கள். ஒரு கிணறும் சில ஏக்கர் பயிரும் இருந்த இடத்தின் வரலாறு இது. இதில் ஒரு பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை.

இனி ஆச்சியின்ட தடைக்காலம். 1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய், சீமெந்து, பற்றரி, சவர்க்காரம் என்று நீண்ட பட்டியல். அதில் யூரியாவும் இருந்தது, வெடிமருந்து செய்யலாம் என்ற காரணத்துக்காக. இருபது வருடமாக யூரியாவிலும் எண்ணெயிலும் ஓடிய தோட்டங்கள் ஒரே போகத்தில் இரண்டும் இல்லாமல் நின்றன.

அப்போது ஆசிரியராக வந்தது முந்தின தலைமுறைதான். குழை தாழ்ப்பது எப்படி, எந்தக் குழை கெதியாக உக்கும், பட்டி அடைப்பதென்றால் ஒரு பரப்புக்கு எத்தனை நாள் மாடு கட்ட வேண்டும், இதெல்லாம் கிழவன் கிழவிகளுக்கு ஞாபகம் இருந்தது. யாழ்ப்பாணத்து வேலியைச் சும்மா எல்லைக்கோடு என்று நினைத்திருந்தோம். பூவரசும் கிளுவையும் வாதநாராயணியும் நிற்கிற வேலி உண்மையில் ஒரு பசளைக் களஞ்சியம். மதில் கட்டக் கட்ட அந்தக் களஞ்சியம் போய்க்கொண்டிருந்தது. சீமெந்துத் தடை வந்ததால் கொஞ்சக்காலம் மதிலும் நின்றது! துலாவையும் சூத்திரத்தையும் திருத்தி மறுபடி இறைத்தவர்கள் இருந்தார்கள். ஆச்சி வீட்டில் குளித்த தண்ணி வாழைக்கு, பாத்திரம் கழுவிய தண்ணி கறிவேப்பிலைக்கு. ஒரு கத்தரிக்காயை முத்தவிட்டு விதைக்கு எடுத்து, சாம்பலில் பிரட்டிக் காயவைத்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தவ. யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை, பதாகை கட்டவில்லை.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. "தடைக்காலத்தில்தான் நல்ல சாப்பாடு சாப்பிட்டோம், நோயே இல்லை" என்று பேசுகிற ஆட்கள் இப்ப கனக்க இருக்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. மருந்தில்லாமல் செத்தவர்கள் அந்தக் காலத்தில்தான் இருந்தார்கள். பால்மா இல்லாமல் பிள்ளை வளர்த்த தாய்மார் அதை ஆரோக்கியமான காலம் என்று சொல்லமாட்டார்கள். மக்களின் கெட்டித்தனத்தைப் புகழப்போய்த் தடையைப் புகழக் கூடாது. அந்தத் தோட்டங்களும் கனகாலம் நிற்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் இரவோடு இரவாக வெளிக்கிட்டது. நட்டது நட்டபடி கிடந்தது. வலிகாமம் வடக்கின் நல்ல செம்மண் காணிகளில் கணிசமான பகுதி 1990இலிருந்தே உயர்பாதுகாப்பு வலயத்துக்குள். சொந்தக்காரர் முகாமில் இருக்க, இராணுவம் அந்த மண்ணில் மரக்கறி செய்து விற்ற காலமும் வந்தது.

2021 மே மாதம் வர்த்தமானி ஒன்றில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டபோது வடக்கு விவசாயிகளுக்கு அது இரண்டாவது தடை. முதலாவது தடையில் குறைந்தபட்சம் வேலியில் குழை நின்றது, வீட்டுக்கு வீடு மாடு நின்றது. இந்த முறை மாடும் இல்லை, வேலியும் மதிலாகிவிட்டது. சேதனப் பசளை செய்யுங்கள் என்றார்கள், கூட்டெரு உக்கி வருவதற்கே மாதங்கள் வேண்டும் என்பதை யோசித்ததாகத் தெரியவில்லை. நவம்பரில் தடை திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் பெரும்போகம் கெட்டுவிட்டது. அதன் பிறகு 'சேதனம்' என்ற சொல்லைச் சொன்னாலே விவசாயி சிரிக்கிறார். நல்ல பாடம் ஒன்றை இப்படிப் படிப்பித்துக் கெடுத்ததுதான் எங்களுக்குப் பெரிய கோபம்.

ஏனென்றால் யாழ்ப்பாணத்துக்கு அந்தப் பாடம் அவசரமாக வேண்டும். இங்கே ஆண்டு முழுதும் ஓடுகிற ஆறு இல்லை. மாரியில் பெய்கிற மழை செம்மண்ணுக்குள்ளால் இறங்கிச் சுண்ணாம்புக் கல்லில் தேங்குகிறது, அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். மேலே தேவைக்கு மிஞ்சிப் போடுகிற பசளையும் அதே வழியால்தான் இறங்கும். தோட்டம் நெருக்கமாக உள்ள பகுதிகளில் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிய நைத்திரேற்று உள்ள கிணறுகளை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டிவருகின்றன. கைக்குழந்தைகளுக்கு அந்தத் தண்ணி ஆபத்து. இதில் யூரியா மட்டும் குற்றவாளி இல்லை. அளவில்லாமல் போட்ட மாட்டெருவும், கிணற்றுக்குப் பக்கத்தில் வெட்டிய மலசலகூடக் குழியும் சேர்ந்துதான். 'இயற்கை' என்று பெயர் இருந்தால் நிலத்தடி நீர் மன்னித்துவிடாது. எவ்வளவு போடுவது, எப்போது போடுவது, எவ்வளவு இறைப்பது என்பதுதான் ஒவ்வொரு வளவிலும் பேச வேண்டிய விஷயம். விவசாயப் போதனாசிரியர் ஒருவர் எத்தனை வளவுக்குப் போய்ச் சொல்வார்?

நாங்கள் இப்போது மூன்றாம் வருடம் முடிந்து அதே வீட்டில்தான் இருக்கிறோம். பாத்தி நான்காகிவிட்டது. குழை தாழ்ப்பதை அடுத்த வளவுப் பெடியனுக்கு நாங்கள்தான் காட்டிக்கொடுத்தோம், ஆச்சி கதிரையில் இருந்து பிழை பிடித்துக்கொண்டிருந்தா. தடைக்காலத்தில் அவ விதையை வைத்திருந்த ஜாம்போத்தல் ஒன்று இன்னும் குசினியில் இருக்கிறது, இப்ப அதற்குள் உப்பு. தோட்டத்துக்கு இறைக்கிறது வீட்டுக் கிணற்றுத் தண்ணிதான். குடிக்கிறதற்கு மட்டும் இரண்டு நாளைக்கு ஒருக்கால் கான் எடுத்துக்கொண்டு சந்திக்கடைக்குப் போய் வடிகட்டின தண்ணி காசுக்கு வாங்கி வருகிறோம். ஆச்சிக்கும் சேர்த்து.