படைவீரனின் சமயமும் அரசாங்கத்தின் பதிவேடும்

2005 செப்டெம்பர் 25 ஆம் திகதி ஆப்கானிஸ்தானில் அமெரிக்க இராணுவ ஹெலிகொப்டர் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் உயிரிழந்தவர்களுள் நெவாடா மாநிலத் தேசியக் காவற்படையைச் சேர்ந்த சார்ஜன்ட் பற்றிக் ஸ்டுவேர்ட்டும் ஒருவர். அவர் இயற்கையை வழிபடும் 'விக்கா' என்ற சிறிய சமயத்தைப் பின்பற்றியவர். இராணுவத்தின் ஆவணங்களில் அவரது சமயம் அவ்வாறே பதியப்பட்டிருந்தது. ஆனால் வட்டத்தினுள் ஐந்து முனை நட்சத்திரம் கொண்ட தமது சமயச் சின்னத்தைக் கணவரின் நினைவுக்கல்லில் பொறித்துத் தருமாறு அவரது மனைவி ரொபேர்ட்டா விண்ணப்பித்தபோது, அச்சின்னம் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லை என்ற காரணத்தால் அது கிடைக்கவில்லை. உயிரோடிருந்தவரின் சமயத்தைப் பதிவுசெய்து கொண்ட அரசின் ஒரு திணைக்களம் இருக்க, இறந்தவரின் கல்லில் அதனைப் பொறிக்க அதே அரசின் இன்னொரு திணைக்களம் முன்வரவில்லை.

தனது குடிமகனிடம் உயிரையே கேட்கும் உரிமை கொண்ட அரசு, அவனது நம்பிக்கை சமயமா இல்லையா என்று தீர்ப்புக் கூறவும் உரிமை கொண்டதா? இக்கேள்வி அமெரிக்கப் படைகளின் வரலாற்றில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப எழுந்து வந்துள்ளது. சிறுபான்மையினராக வாழும் எவரும் அவ்வரலாற்றை அறிந்திருப்பது நன்று என நாம் கருதுகின்றோம்.

முதலில், படைகளுக்கு இத்தகைய பட்டியல் ஏன் தேவைப்படுகின்றது என்பதை நோக்குவோம். அமெரிக்க அரசியலமைப்பின் முதலாவது திருத்தம், எந்தவொரு சமயத்தையும் அரச சமயமாக நிறுவுவதையும், சமயத்தைச் சுதந்திரமாக அனுட்டிப்பதைத் தடைசெய்வதையும் ஒருங்கே விலக்குகின்றது. சாதாரண குடிமகன் தான் விரும்பிய கோவிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தானாகவே சென்றுவிடுவான். மாதக்கணக்கில் நடுக்கடலில் நிற்கும் கப்பலில் உள்ள மாலுமிக்கும் பாலைவன முகாமில் உள்ள சிப்பாய்க்கும் அது முடியாது. அவர்களை அங்கு அனுப்பிய அரசே அவர்களது வழிபாட்டுக்கும் வழிசெய்ய வேண்டியதாகின்றது. ஆகவே படையில் சேருபவரிடம் அவரது சமயம் கேட்கப்பட்டு, ஒரு குறியீடாகப் பதியப்படுகின்றது. சமயம் எதுவுமில்லை என்று கூறவும் அவருக்கு உரிமையுண்டு. எத்தனை மதகுருமாரை நியமிப்பது, எவருக்கு ஹலால் உணவு வழங்குவது, குற்றுயிராய்க் கிடப்பவரிடம் எந்தச் சமயத்தின் குருவை அழைத்து வருவது, இறந்தால் எந்தக் கிரியைகளுடன் அடக்கம் செய்வது என்பன போன்ற விடயங்களுக்கு இப்பதிவு உதவுகின்றது. எனவே பட்டியல் என்பது தன்னளவில் தீங்கானதல்ல. அதில் யாருக்கு இடமில்லை என்பதிலேயே சிக்கல் ஆரம்பமாகின்றது.

உள்நாட்டுப் போர் மூண்ட 1861 ஆம் ஆண்டில், வடபகுதிப் படைகளின் மதகுருவாக நியமிக்கப்படுபவர் கிறிஸ்தவ சபையொன்றில் முறைப்படி குருப்பட்டம் பெற்றவராக இருத்தல் வேண்டும் எனச் சட்டம் கூறியது. பென்சில்வேனியாவின் குதிரைப்படைப் பிரிவொன்றில் யூதர்கள் கணிசமாக இருந்தனர். அவர்கள் தெரிவுசெய்த யூதர் பதவி விலக நேர்ந்தது. அடுத்து நியமனம் கோரிய ஆர்னோல்ட் பிஷெல் என்ற யூத குருவின் விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டது. அவர் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனை நேரிற் சந்தித்து முறையிட்டார். 1862 ஜூலையில் சட்டம் திருத்தப்பட்டு, கிறிஸ்தவ சபை என்றிருந்த இடத்தில் ஏதேனுமொரு சமயப் பிரிவு எனப் பொருள்படும் வாசகம் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜேக்கப் பிராங்கெல் முதலாவது யூத மதகுருவாக நியமனம் பெற்றார். சட்டத்தில் ஒரு சொல் மாறியதால் ஒரு சமூகம் முழுவதற்கும் கதவு திறந்த கதை இது.

இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது படைவீரர் கழுத்தில் அணிந்த உலோகத் தகட்டில் மூன்று ஆங்கில எழுத்துகளுள் ஒன்றைப் பொறிக்க இடமிருந்தது. புரட்டஸ்தாந்தருக்கு 'பி', கத்தோலிக்கருக்கு 'சி', யூதருக்கு 'எச்'. இலட்சக்கணக்கான மனிதர்களின் ஆன்மிக வாழ்வு இந்த மூன்று எழுத்துகளுக்குள் அடக்கப்பட்டது. ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கப் படையினருள் பலர் பௌத்தர்களாயிருந்தும் அவர்களுக்கென ஓர் எழுத்து இருக்கவில்லை. அவர்களது சமயத்தின் தர்மச்சக்கரம் இராணுவ நினைவுக்கல்லில் பொறிக்கப்படலாம் என்ற அனுமதி 1951 ஆம் ஆண்டிலேயே கிடைத்தது.

பட்டியலில் இடம்பெறாமை ஒரு துயரமென்றால், இடம்பெற்றமையே ஆபத்தாக முடிந்த சந்தர்ப்பங்களும் உண்டு. 'எச்' என்ற அந்த எழுத்து, நாஜிகளிடம் பிடிபட்ட யூதச் சிப்பாயை உடனே காட்டிக்கொடுக்கக் கூடியதாயிருந்தது. பலர் அத்தகட்டைக் கழற்றி எறிந்தனர். 1945 இன் ஆரம்பத்தில் ஜேர்மனியின் பாட் ஓர்ப் முகாமிலிருந்து, யூதர்கள் எனவும் யூதர்களாக இருக்கலாம் எனவும் பிரித்தெடுக்கப்பட்டவர்கள் உள்ளிட்ட சுமார் 350 அமெரிக்கக் கைதிகள் பேர்கா என்னுமிடத்து அடிமை வேலை முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் 70 இற்கும் மேற்பட்டோர் மீளவில்லை. அதே ஜனவரியில் சீகன்ஹைன் முகாமில், யூதர்கள் மட்டும் முன்வர வேண்டுமென்ற கட்டளை பிறந்தபோது, அங்கிருந்த மூத்த அமெரிக்கச் சார்ஜன்ட் ரொடி எட்மண்ட்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் அனைவரையும் அணிவகுத்து நிற்கச் செய்தார். இவர்கள் அனைவரும் யூதர்களே என்று, தலையில் துப்பாக்கி வைக்கப்பட்ட நிலையிலும் அவர் கூறினார். எட்மண்ட்ஸ் ஒரு கிறிஸ்தவர். பிறர் தயாரித்த வகைப்படுத்தலை ஒரு மனிதன் தனது மனச்சாட்சியினால் செல்லாததாக்கிய அந்நிகழ்வை 2015 ஆம் ஆண்டில் இஸ்ரேலின் யாட் வஷெம் நிலையம் கௌரவித்தது.

சமயம் எது என்பதை அதிகாரிகள் தீர்மானிக்க முற்பட்டதன் விளைவை உலகறியச் செய்தவர் குத்துச்சண்டை வீரர் முஹம்மத் அலி. வியட்நாம் போருக்கென 1967 ஏப்ரல் 28 ஆம் திகதி படையில் சேர்க்கப்படுவதை அவர் மறுத்தார். தமது மறுப்பு இஸ்லாமிய நம்பிக்கையின் பாற்பட்டது என்பதே அவரது வாதமாகும். அந்த மறுப்பு சமய அடிப்படையிலானதல்ல, உளப்பூர்வமானதுமல்ல என்று நீதித் திணைக்களம் மேன்முறையீட்டுச் சபைக்கு ஆலோசனை வழங்கியிருந்தது. அலியின் பட்டம் பறிக்கப்பட்டது. ஐந்தாண்டுச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளின் பின்னர், 1971 ஜூன் 28 இல், உயர் நீதிமன்றம் ஏகமனதாக அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. அலியின் நம்பிக்கை சமய ரீதியானது, உளப்பூர்வமானது என்பதை அப்போது அரச தரப்பே ஒப்புக்கொண்டிருந்தது. ஆயினும், ஒரு விளையாட்டு வீரனின் வாழ்வில் மிகச் சிறந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றமும் திருப்பிக் கொடுக்க முடியாதல்லவா?

பதிவேட்டில் இடம்பெறுவது ஒன்று, மதகுருவைப் பெறுவது வேறொன்று என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். படைத்துறை மதகுருவாக வருபவர் உரிய கல்வித் தகைமையுடன், பாதுகாப்புத் திணைக்களம் ஏற்றுக்கொண்ட சமய அமைப்பொன்றின் சிபாரிசையும் பெற்றிருத்தல் அவசியமாகும். அதிகார அடுக்குள்ள திருச்சபைகளுக்கு இது இலகு. ஒரே தலைமைப்பீடம் இல்லாத இஸ்லாத்துக்கும் இந்து சமயத்துக்கும் அவ்வாறல்ல. முதலாவது முஸ்லிம் மதகுரு அப்துல் ரஷீத் முஹம்மத் 1993 இலும், முதலாவது பௌத்த மதகுரு ஜெனட் ஷின் 2004 இலும், முதலாவது இந்து மதகுரு பிரதிமா தர்ம் 2011 இலுமே நியமனம் பெற்றனர். பிரதிமா தர்முக்கான சிபாரிசை வழங்கியது சின்மயா மிஷன் ஆகும்.

அங்கீகாரம் பெற்ற பின்னரும் சந்தேகம் நீங்கிவிடுவதில்லை. குவாண்டனாமோ தடுப்பு முகாமில் முஸ்லிம் மதகுருவாகப் பணியாற்றிய கப்டன் ஜேம்ஸ் யீ, 2003 செப்டெம்பரில் உளவாளி என்ற சந்தேகத்தின் பேரில் கைதுசெய்யப்பட்டு 76 நாட்கள் தனிமைச் சிறையில் வைக்கப்பட்டார். 2004 இல் அவர் மீதான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. அதே ஆண்டு ஜூனில் ஈராக்கில் தனது சிப்பாய்களைக் காக்க முன்சென்று உயிரிழந்த முஸ்லிம் கப்டன் ஹுமாயூன் கான், ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் பிறையும் நட்சத்திரமும் பொறிக்கப்பட்ட கல்லின் கீழ் அடக்கம் செய்யப்பட்டார். 2007 இல் ஈராக்கில் உயிரிழந்த இருபது வயது இளைஞர் கரீம் கானின் கல்லிலும் அதே சின்னமே உள்ளது. அக்கல்லில் தலைசாய்த்திருந்த அவரது தாயாரின் புகைப்படத்தையே, அமெரிக்க முஸ்லிம்கள் மீதான காழ்ப்புணர்வுக்குப் பதிலாக 2008 ஒக்டோபரில் முன்னாள் இராஜாங்கச் செயலாளர் கொலின் பவல் நாட்டு மக்களுக்கு நினைவூட்டினார். எமது முஸ்லிம் வாசகர்கள் மீஸான் கல் என்று அழைக்கும் அந்தச் சிறு கல், வாதங்கள் பல சாதிக்காததைச் சாதித்தது.

ரொபேர்ட்டா ஸ்டுவேர்ட் தனது போராட்டத்தைக் கைவிடவில்லை. அன்றைய பட்டியலில் 38 சின்னங்கள் இருந்தன. கடவுளை ஏற்காத நாத்திகருக்கும் அதில் ஒரு சின்னம் இருந்தது. விக்காவுக்கு இருக்கவில்லை. இத்தனைக்கும், இராணுவத்தின் மதகுருமாருக்கான கைந்நூல் 1978 ஆம் ஆண்டிலேயே விக்கா பற்றிய விளக்கத்தை உள்ளடக்கியிருந்தது. ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் டெக்சாஸ் ஆளுநராயிருந்த காலத்தில், 1999 இல், மாந்திரீகத்தைத் தாம் ஒரு சமயமாகக் கருதவில்லை எனப் பகிரங்கமாகக் கூறியிருந்தமை இவ்வழக்கின்போது நினைவுகூரப்பட்டது. வழக்கு 2007 ஏப்ரலில் இணக்கமாகத் தீர்க்கப்பட்டு, விக்காவின் சின்னம் பட்டியலில் இணைக்கப்பட்டது. கணவர் இறந்து ஒன்றரை ஆண்டுகள் கடந்திருந்தன. தற்போது அப்பட்டியலில் 70 இற்கும் மேற்பட்ட சின்னங்கள் உள்ளன.

படைகளின் சமயக் குறியீட்டுப் பட்டியலும் இவ்வாறே விரிந்தது. 2014 இல் மனிதநேயவாதிகளுக்கு இராணுவம் தனிக் குறியீடு வழங்கியது. 2017 மார்ச்சில் பாதுகாப்புத் திணைக்களம் வெளியிட்ட பட்டியலில் நூற்றுச் சொச்சமாயிருந்த சமயங்களின் எண்ணிக்கை 221 ஆக உயர்ந்தது. அதன் பின்னர் எதிர்த்திசையிலான குரலும் எழுந்தது. பட்டியல் மிதமிஞ்சிச் சிக்கலாகிவிட்டதாகவும் அதனை எளிமைப்படுத்தவுள்ளதாகவும் 2025 டிசெம்பரில் படைத்துறைக்குப் பொறுப்பான செயலாளர் பீற் ஹெக்செத் அறிவித்தார்.

நிர்வாக வசதி என்ற வாதத்தை நாம் முற்றாகப் புறந்தள்ளவில்லை. பெரும்பாலான படையினர் ஒரு சில குறியீடுகளையே பயன்படுத்துகின்றனர் என்பதும் இரண்டு பேருக்காக ஒரு மதகுருவை நியமிக்க இயலாது என்பதும் உண்மையே. ஆனால் ஒருவரது சமயத்தை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்வதற்கு மேலதிகமாக ஒரு மதகுருவோ ஒரு மண்டபமோ தேவைப்படுவதில்லை. சிறிய சமயங்களை 'ஏனையவை' என்ற ஒரே தலைப்பின் கீழ் ஒதுக்குவதால் பெரிய சமயத்தவருக்கு எந்த இழப்புமில்லை. எனவே அவர்களுக்கு அதன் வலியும் தெரிவதில்லை. பட்டியலைச் சுருக்குபவர்கள் எப்போதும் தமது பெயர் அதில் நிலைத்திருக்கும் என்ற உறுதியுடனேயே அதனைச் சுருக்குகின்றனர்.

இவை எங்கோ தொலைவில் நடந்த சங்கதிகள் என்று எமது வாசகர்கள் எண்ணமாட்டார்கள் என நம்புகின்றோம். சோதனைச் சாவடியில் பெயரும் பிறந்த ஊருமே ஒருவரை வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தப் போதுமாயிருந்த காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாம். இறந்தவரின் இறுதிக் கிரியையில் அரசு தலையிட்டால் என்ன நேரும் என்பதையும் நாம் கண்டோம். 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி அறிவித்தலின்படி, கொரோனாத் தொற்றினால் இறந்தோர் அனைவரும் தகனம் செய்யப்பட வேண்டியதாயிற்று. நல்லடக்கத்துக்கு இடமுண்டு என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2021 பெப்ரவரி இறுதி வரை முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. அதற்குள் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்கும் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கும் சென்று நின்று பிரார்த்திக்க ஓரிடம் இல்லாமற் போயிருந்தது.

பதிவேடு இல்லாத அரசு கிடையாது. ஆகவே நாம் கேட்பது பதிவேட்டை ஒழிக்குமாறு அல்ல. அதில் எழுதப்படுவது சம்பந்தப்பட்டவரின் வாக்குமூலமாக இருக்கட்டும். அவர் விரும்பாவிடின் அந்த இடம் வெறுமையாக விடப்படட்டும். எழுதப்பட்டது எந்தத் தேவைக்காகக் கேட்கப்பட்டதோ அத்தேவைக்கு மட்டும் பயன்படட்டும். அவர் இறந்த பின்னர், அவர் சொன்ன சொல்லை அவரது குடும்பத்தினர் மன்றாடாமலே அரசு மதிக்கட்டும். ரொபேர்ட்டா ஸ்டுவேர்ட் கேட்டதும் இதற்கு மேற்பட்டதல்ல.