காவடியில் வந்த சோறு

எங்கள் இராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் "சபர் போயிருக்கிறார்" என்றால், பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போயிருக்கிறார் என்று பொருள். பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன், கொழும்பு என்று எங்காவது இருப்பார். ஊர் திரும்ப ஆண்டுக்கணக்காகும். மனைவி மக்கள் இங்கே. அவர் மட்டும் அங்கே. அந்தத் தனியாட்களுக்கு உறவைத் தேடிக் கொடுத்ததில் சோற்றுப் பானைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

செட்டிநாட்டார் தங்கியது கிட்டங்கிகளில். ஒரு நீண்ட கூடம். பல கடைக்காரர்கள் ஆளுக்கொரு பெட்டியும் பாயும் போட்டுக்கொண்டு அங்கேயே தொழில், அங்கேயே தூக்கம். சமையல் பொதுவாக நடக்கும். பகலில் வட்டிக்கணக்கில் போட்டியாக இருந்தவர்கள் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆனால் அந்தப் பந்தி நகரத்தாரோடு நின்றுவிட்டது.

பினாங்கில் நம் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கியது வேறு வழி. தோளில் ஒரு கம்பு. ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்பு வகைகள். நாம் காவடி என்போமே, அதேதான். மலாய் மொழியில் நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் கம்பு வைத்துச் சுமப்பது. அப்படித்தான் 'நாசி கண்டார்' என்று பெயர் வந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்கு அதுதான் பசியாற்றியது. யார் என்ன சாதி, என்ன மதம் என்று தெருவில் நின்று விற்பவர் கேட்க முடியுமா?

பிறகு காவடி இறங்கிக் கடையானது. பினாங்கு கேம்பல் தெருவில் இருக்கும் ஹமீதியா உணவகம் 1907 முதல் நடக்கிறது. மகன் அழைத்துப்போய் அந்த ஊரில் சாப்பிட்டபோது கவனித்தேன்: பக்கத்து மேசையில் மலாய்க்காரர், அடுத்ததில் சீனக் குடும்பம். சோறு மூழ்க எல்லாக் குழம்பும் கலந்து ஊற்றச் சொல்ல அங்கே ஒரு வார்த்தை உண்டு, 'பஞ்சிர்'. மலாயில் அதற்கு வெள்ளம் என்று அர்த்தம். இப்படிப்பட்ட கடைகளுக்கு மலேசியா முழுவதும் 'மாமாக்' என்றே பெயர். நம் 'மாமா'தான் அது! தாய்மாமனை ஊரில் விட்டுப் போனவர்கள், ஒரு நாட்டுக்கே மாமா ஆகிவிட்டார்கள்.

கிட்டங்கிக் கணக்கேடுகளாவது சில மிஞ்சியிருக்கின்றன. காவடி சுமந்தவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. உங்கள் வீட்டில் சபர் போய்வந்த பெரியவர் இன்னும் இருந்தால் ஒன்று கேளுங்கள்: கப்பலை விட்டு இறங்கிய அன்று எங்கே சாப்பிட்டீர்கள், யார் பரிமாறினார்? சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.