கல்லடைப்பு: சொல்லும் அறுவையும்

கல்லடைப்பு என்னும் சொல் மக்கட்கும் விலங்கிற்கும் பொதுவாய் வழங்குவது. சிறுநீர்ப்பையிற் பிறந்த கல் நீர்வழியை அடைத்தலின் இப்பெயர் எய்திற்று. சேலம், நாமக்கல் சமவெளியில் ஆடும் எருமையும் நாயும் வளர்ப்போர்க்கு இந்நோய் புதிதன்று; அறுவையால் அதனைத் தீர்க்கும் முறையே புதிது. இவ்வேறுபாட்டின் வரலாறு ஈண்டுச் சுருங்க ஆராயப்படும்.

மக்கட்குரிய கல்லறுவை மிகப் பழையது. சுசுருத சங்கிதை அதனை விரித்துரைக்கின்றது. எனினும், மருந்து பயன்படாதவிடத்து இறுதியாகவே அது கொள்ளத்தக்கது என்றும், அரசன் இசைவு பெறல் வேண்டும் என்றும் எச்சரிக்கின்றது. தமிழில் ஆவினங்களுக்குரிய மருத்துவம் மாட்டு வாகடம் எனப் பெயர் பெற்றது. வாகடம் என்பது வாக்படர் என்னும் ஆசிரியர் பெயரடியாகப் பிறந்தது என்பர். அவ்வழி வந்தோர் பெரிதும் மூலிகையும் சூடும் கொண்டே நோய் தீர்த்தனர். கல்லடைப்பிற்குச் சித்த மருத்துவம் சிறப்பித்துக் கூறும் மூலிகைகளுள் ஒன்று சிறுகண்பீளை. இச்சமவெளியில் பொங்கலுக்கு முன்னாள் ஆவாரம்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துக் காப்புக் கட்டும் பூளைப்பூ இதுவேயாம்.

பழையோர் கையாண்ட அறுவைத் தொழில் ஒன்றே இந்நோய்க்குத் துணையாயிற்று என்பது கருதத்தக்கது. இளங்கிடாய்க்குக் காயடித்தால் நீர்வழி விரிவடையாது குறுகி நிற்கும். தவிடும் தானியமும் மிகுதியாக ஊட்டின் கல் எளிதில் விளையும். ஆட்டுக்குக் குறியின் நுனியிலுள்ள புழுப்போன்ற உறுப்பிலும், எருமைக்கு நீர்வழியின் வளைவிலும், ஆண் நாய்க்குக் குறியெலும்பின் பின்னும் கல் தங்கும்.

1846-இல் ஈதர் மயக்கமருந்தாக வெளிப்பட்டபின் வயிற்றறுவை எளிதாயிற்று. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தோன்றி, 1935-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. நாமக்கல்லில் கல்லூரி தோன்றியது 1985-இல். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் அமைந்தது 1989-இல். இன்று வயிற்றைத் திறந்து, நீர்ப்பையைக் கீறிக் கல்லை எடுத்து, ஈரடுக்காகத் தைப்பர். ஆடு மாடுகட்கு நீர்ப்பையிற் குழாய் பொருத்தி, வழி சீராகும்வரை நீரை வெளியேற்றுவர். பின்னர், சிலவகைக் கல்லைக் கரைக்க அம்மோனியம் குளோரைடு ஊட்டுவர். அது தமிழ் மருத்துவ நூல்கள் நெடுங்காலம் அறிந்த நவச்சாரமே.

ஆயினும் உயிர் பிழைத்தல் காலத்தைப் பொறுத்தது. அடைபட்ட ஆடு முக்கும். முக்குதல் என்னும் சொல் சாணத்திற்கும் நீருக்கும் பொதுவாதலின், வளர்ப்போர் மலச்சிக்கல் என மயங்கிக் காலம் தாழ்ப்பர். நீர்ப்பை வெடித்தபின் வலி சிறிது தணியும். அதனை நலமென எண்ணுவாரும் உளர். அது நலமன்று, இறுதியின் தொடக்கம். மருத்துவர் கற்கும் நூல் ஆங்கிலம். ஆட்டுக்காரர் மொழிவது தமிழ். இரண்டும் சந்திக்குமிடம் சொல்லே. ஆதலின் ஆயர் வழக்கிலுள்ள நோய்ப்பெயர்களைத் திரட்டிப் பொருள் வரையறுத்தல் அகராதிப்பணி மட்டுமன்று, உயிர்காக்கும் பணியுமாகும். ஆய்வு மாணவர் இதனை மேற்கொள்வாராக.