மதுரை வெயிலும் ஒரு கட்டைவிரல் நகமும்: கம்ப்யூட்டர் சூடாகும் கதை

இந்த எபிசோடை ஒரு சின்ன வீட்டுக் கதையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

என் அத்தை மேலூர்ல ஒரு சின்ன டிடிபி கடை வச்சிருக்காங்க. பத்துக்குப் பத்து இடம், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு டெஸ்க்டாப், மேல ஒரு ஃபேன். போன மே மாசம், அக்னி நட்சத்திரம் நடுவுல, மதியம் போன் பண்ணாங்க. "டேய், சிஸ்டம் பத்து நிமிஷம் ஓடுது, பொசுக்குனு அணைஞ்சிருதுடா. கடைல பிள்ளைக நிக்குது, எஞ்சினியரிங் அப்ளிகேஷன் போடணும். கொஞ்சம் வந்துட்டுப் போ."

நான் மதுரையில இருந்து பஸ் பிடிச்சுப் போறதுக்குள்ள அது நாலு தடவை அணைஞ்சிருச்சு. ஒரு பொண்ணு பாதி விண்ணப்பத்தை மூணாவது முறையா டைப் பண்ணிட்டு இருந்தா. கேபினட் மேல கை வச்சுப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரி இருந்துச்சு. பயாஸுக்குள்ள போய்ப் பார்த்தா, எந்த வேலையும் செய்யாம சும்மா இருக்கும்போதே பிராசஸர் 88 டிகிரி காட்டுது. ஏதாவது ஓட விட்டால் 100-ஐத் தொடும். அப்புறம் தன்னைக் காப்பாத்திக்க தானே அணைஞ்சுக்கும்.

இதைச் சரி பண்ணது எப்படின்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. ஒரு கம்ப்யூட்டருக்கு ஏன் இவ்வளவு வெயில் ஆகாது? இதுக்குள்ள எழுபது, எண்பது வருஷ வரலாறு இருக்கு. அதுல நம்ம மேலூருக்கும் ஒரு பக்கம் உண்டு.

செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க

முதல்ல ஒரு அடிப்படை. பிராசஸருக்குள்ள போற மின்சாரம் எல்லாமே கடைசியில சூடாத்தான் வெளிய வரும். மிக்சின்னா கொஞ்சம் சுத்துறதுக்குப் போகும், டியூப்லைட்னா கொஞ்சம் வெளிச்சமாப் போகும். பிராசஸர்ல அப்படி எதுவும் கிடையாது. 65 வாட் உள்ள போனா 65 வாட் சூடு வெளிய வரணும். பழைய குண்டு பல்பு ஒண்ணோட சூடு, கட்டைவிரல் நகம் அளவு சிலிக்கான்ல. பிரச்சினை இவ்வளவுதான்.

இது புதுசும் இல்ல. 1946-ல அமெரிக்காவுல உலகத்துக்கு அறிமுகமான எனியாக் கம்ப்யூட்டர்ல ஏறக்குறைய 18,000 வால்வுகள். அது இழுத்த மின்சாரம் சுமார் 150 கிலோவாட். அதைக் குளிர்விக்கப் பெரிய பெரிய காற்றாடிகள் வைக்க வேண்டியிருந்தது. நம்ம நாட்டுல பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்துல 1960-ல முழுமையா இயங்க ஆரம்பிச்ச டிஃப்ராக்கும் வால்வு கம்ப்யூட்டர்தான். அதுக்குப் பிறகு சென்னை ஐஐடிக்கு 1973-ல மேற்கு ஜெர்மனி உதவியோட ஐபிஎம் 370 வந்தது. அந்தக் காலத்துல கம்ப்யூட்டர்னு சொன்னாலே ஏசி அறைதான். மனுஷனுக்கு ஏசி கிடையாது, மெஷினுக்கு உண்டு.

அந்தப் பழக்கத்தோட மிச்சத்தை நம்மள்ல பலர் பார்த்திருக்கோம். ஸ்கூல் கம்ப்யூட்டர் லேபுக்கு வெளிய வரிசையா செருப்பு கிடக்கும். கோயிலுக்குள்ள போற மாதிரி வெறுங்காலோட போவோம். மரியாதைன்னு நினைச்சோம். உண்மையான காரணம் தூசி. தூசி ஹீட்சிங்க் இடுக்குல போய் அடைஞ்சா காத்து போகாது. காத்து போகலைன்னா சூடு வெளிய வராது. அந்தச் செருப்பு வரிசை ஒரு விஞ்ஞானச் சடங்கு.

2 வாட்ல இருந்து 115 வாட்டுக்கு

1985-ல வந்த இன்டெல் 386-க்கு ஃபேன் கிடையாது, ஹீட்சிங்க் கூட கிடையாது. ரெண்டு வாட் அளவுதான் செலவு. சும்மா போர்டுல உட்கார்ந்திருக்கும். 486 காலத்துல ஹீட்சிங்க் வந்தது. 1993-ல முதல் பென்டியம் சுமார் 15 வாட்டுக்குப் போனதும், பிராசஸர் தலைமேல ஒரு ஃபேன் உட்கார்றது சாதாரணமாச்சு.

அது வரைக்கும் பொறியாளர்களுக்கு ஒரு தைரியம் இருந்தது. ஐபிஎம்-ல வேலை பார்த்த ராபர்ட் டெனார்டும் அவரோட குழுவும் 1974-ல ஒரு கட்டுரை எழுதினாங்க. டிரான்சிஸ்டரைச் சின்னதாக்கும்போது வோல்டேஜையும் அதே விகிதத்துல குறைச்சா, அதே இடத்துல நிறைய டிரான்சிஸ்டர் வச்சாலும் சூடு கூடாதுங்கறதுதான் அதோட சாரம். முப்பது வருஷம் இந்தத் துறை அந்த நம்பிக்கையிலதான் ஓடிச்சு.

ஆனா டிரான்சிஸ்டர் ரொம்பச் சின்னதானதும், அணைச்சு வச்சா கூட மின்சாரம் கசிய ஆரம்பிச்சது. ஒழுகுற குழாய் மாதிரி. வோல்டேஜை அதுக்கு மேல குறைக்க முடியல. 2001-லயே இன்டெல்லோட பாட் கெல்சிங்கர் ஒரு மாநாட்டுல எச்சரிச்சார்: இதே வேகத்துல போனா சிப்போட சூட்டு அடர்த்தி அணு உலை, ராக்கெட் வால் எல்லாத்தையும் எட்டிடும்னு.

2004-ல அது கண்ணுக்குத் தெரிஞ்சது. பிரெஸ்காட்னு கூப்பிடப்பட்ட பென்டியம் 4 வகை 115 வாட் வரைக்கும் போச்சு. அதே வருஷம் இன்டெல் அடுத்து திட்டமிட்டிருந்த டேஜாஸ் சிப்பைக் கைவிட்டது, 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐயும் கைவிட்டது. உலகத்தோட பெரிய சிப் கம்பெனி சூட்டுக்கிட்ட தோத்த வருஷம்னு அதைச் சொல்லலாம். அதுக்கப்புறம்தான் ஒரே மூளையை வேகமா ஓட்டுறதை விட்டுட்டு, ரெண்டு மூளை, நாலு மூளைன்னு போனாங்க. 2006-ல வந்த கோர் 2 டுவோ 65 வாட்தான். இன்னிக்கு உங்க போன்ல எட்டு கோர் இருக்குன்னா, அதுக்கு ஒரு முக்கியக் காரணம் இந்தச் சூடு.

மேலூருக்கு இண்டர்நெட் வந்த வருஷம்

சரி, இப்ப மேலூர். நான் ஸ்க்ரூவைக் கழட்டிட்டு இருக்கும்போது அத்தை சொன்னாங்க, "நம்ம பக்கம் கிராமத்துல எல்லாம் அப்பவே நெட்டு கடை வந்துருச்சு தெரியுமா, மதுரைலயே பாதிப் பேருக்கு இல்லாதப்ப."

அது நிஜம். 2001 நவம்பர்ல மேலூர் வட்டாரத்துல 'சாரி'ங்கற பேர்ல ஒரு திட்டம் தொடங்குச்சு. சென்னை ஐஐடி, என்-லாக்ங்கற நிறுவனம், அமெரிக்காவோட ஹார்வர்டு, எம்ஐடி எல்லாம் அதுல சேர்ந்திருந்தாங்க. கிராமத்துல உள்ளூர்க்காரங்களே ஒரு கம்ப்யூட்டரை வச்சுக் கடை நடத்துவாங்க. மெயில், அரசு மனுக்கள், கம்ப்யூட்டர் வகுப்பு, அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணைப் படம் எடுத்து அனுப்பி ஆலோசனை கேட்கறதுன்னு பல சேவைகள்.

இணைப்பு வந்தது கார்டெக்ட்ங்கற வயர்லெஸ் தொழில்நுட்பத்துல. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவோட ஐஐடி குழு 1990-கள்ல உருவாக்கினது. கோபுரத்துல இருந்து சுமார் 10 கிலோமீட்டர் சுத்துவட்டாரத்துக்கு, 35 அல்லது 70 கேபிபிஎஸ் வேகம். இன்னிக்குச் சிரிப்பு வரும். அன்னிக்குத் தொலைபேசிக் கம்பியே சரியா வராத ஊர்ல அது பெரிய விஷயம். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அந்தக் கருவிகளை ஏசி அறை தேவைப்படாத மாதிரி நம்ம ஊர் வெயிலை மனசுல வச்சு வடிவமைச்சாங்க.

சில வருஷத்துல அந்தக் கடைகள்ல பெரும்பாலானவை மூடிடுச்சு. மைக்கேல் பெஸ்ட், ராஜேந்திர குமார்னு ரெண்டு ஆய்வாளர்கள் இதை ஆராய்ஞ்சு 2008-ல கட்டுரை வெளியிட்டாங்க. வருமானம் தொடர்ந்து கட்டுப்படியாகாதது ஒரு காரணம். இன்னொண்ணு, தொழில்நுட்ப உதவியும் பராமரிப்பும் போதுமான அளவு கிடைக்காதது. வெயிலால மூடினாங்கன்னு நான் சொல்ல வரல. ஆனா கோபுரத்துல இருந்த கருவி இந்த ஊருக்காக வடிவமைச்சது. மேஜை மேல இருந்த கம்ப்யூட்டர் எங்கயோ குளுகுளு ஆபீசை நினைச்சுச் செஞ்சது. அது மக்கர் பண்ணா பக்கத்துல யாரு வருவா? ஒரு திட்டத்தோட ஆயுள் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியிலதான் இருக்கு.

அதே ஐஐடி வட்டாரத்துல இருந்து பிற்பாடு வோர்டெக்ஸ்ங்கற நிறுவனம் 'கிராமடெல்லர்' ஏடிஎம் கொண்டு வந்தது. ஏசி இல்லாம, ரொம்பக் குறைஞ்ச மின்சாரத்துல ஓடுற ஏடிஎம். வெயிலை எதிரியா நினைக்காம, ஒரு நிபந்தனையா எடுத்துக்கிட்டா என்ன செய்யலாம்ங்கறதுக்கு நல்ல உதாரணம்.

ஃபேன் நின்ன நேரம்

இன்னொரு காலகட்டத்தையும் சொல்லணும். 2008-ல இருந்து சில வருஷம், குறிப்பா 2012-ல, சென்னைக்கு வெளிய தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்குல மின்வெட்டு. பிரவுசிங் சென்டர்ல யுபிஎஸ் கம்ப்யூட்டரைத் தாங்கும், ஆனா சீலிங் ஃபேனையும் ஏசியையும் தாங்காது. மூடின அறை, பத்து மெஷின், ஒவ்வொண்ணும் சூட்டைக் கக்குது. மனுஷனும் வேகறான், மெஷினும் வேகுது.

இங்கதான் நம்ம ஊர்க் கணக்கு. ஹீட்சிங்க் ஒரு மாயக்கருவி இல்ல. அது சூட்டைச் சுத்தியிருக்கற காத்துக்கிட்ட ஒப்படைக்கும், அவ்வளவுதான். அறை 25 டிகிரி இருக்கும்போது பிராசஸர் 65-னா, அதே வேலைக்கு அறை 40-க்குப் போகும்போது கிட்டத்தட்ட 80. மதுரை மே மாசத்துல 40-ஐத் தாண்டறது புதுசில்ல. குளிர் ஊர்ல தூசியோட சமாளிக்கற மெஷின், இங்க அதே தூசியில செத்துப் போகும்.

அத்தை கடையில

இப்ப ரிப்பேருக்கு வருவோம். பிளக்கைப் பிடுங்கிட்டு கேபினட்டைத் திறந்தேன். ஹீட்சிங்க் இடுக்கு முழுக்கக் கம்பளி மாதிரி தூசி. பெயிண்ட் பிரஷ் வச்சுத் தட்டி, ப்ளோயரால ஊதினேன். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கங்க, இல்லன்னா அளவுக்கு மீறிச் சுத்தி பேரிங் போயிரும்.

அடுத்தது ஹீட்சிங்க்கைக் கழட்டினேன். பிராசஸருக்கும் அதுக்கும் நடுவுல தெர்மல் பேஸ்ட் இருக்கணும். ரெண்டு உலோகப் பரப்புக்கு நடுவுல கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கும். அதுல காத்து நின்னா சூடு கடக்காது, அந்த இடத்தை நிரப்பத்தான் இந்தப் பேஸ்ட். அத்தை மெஷின்ல அது காஞ்சு சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்துச்சு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில தொட்டுத் துடைச்சு, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வச்சேன். நிறைய வச்சா நல்லதுன்னு நினைக்காதீங்க, அது சாம்பார் இல்ல.

திருப்பி மாட்டி ஆன் பண்ணினேன். 96 டிகிரி! முன்னைவிட மோசம். எனக்கு வேர்த்துருச்சு. அந்தப் பொண்ணு ஒண்ணும் பேசாம என்னையே பார்த்துட்டு இருந்தா. உடனே அணைச்சுட்டு, போன் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஹீட்சிங்க்கோட நாலு பின்ல ஒண்ணு சரியா இறங்கல, ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது. தப்பு முழுக்க என்னோடது, அவசரத்துல வரிசையா அமுக்கிட்டேன். எதிரெதிர் மூலையா, 'க்ளிக்'னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கணும். மறுபடி துடைச்சு, மறுபடி பேஸ்ட் வச்சு, குறுக்குக் குறுக்கா அமுக்கினேன். நாலு க்ளிக்.

சும்மா இருக்கும்போது 52. வேலை கொடுத்தா 74. கேபினட்டைச் சுவத்துல இருந்து ஒரு சாண் தள்ளி வச்சோம், பின்பக்கக் காத்து வெளிய போக. ஆன செலவு ஒரு பேஸ்ட் டியூப்.

அந்தப் பொண்ணு சாயங்காலம் ஆறரைக்கு விண்ணப்பத்தை அனுப்பிட்டு, பிரிண்ட் எடுத்துக்கிட்டு, "தேங்க்ஸ்க்கா"ன்னு அத்தைகிட்ட சொல்லிட்டுப் போனா. எனக்கு ஒரு தேங்க்ஸும் இல்ல, பரவாயில்ல.

பஸ்ல திரும்பி வரும்போது யோசிச்சேன். அந்தப் பொண்ணு காலேஜ் போறது, கட்டைவிரல் நகம் அளவு இடத்துல இருந்து சூடு வெளிய வருதா இல்லையாங்கறதுல ஒரு மதியம் மாட்டிக்கிட்டு நின்னுச்சு. பெரிய திட்டங்கள் வரலாம், போகலாம். பக்கத்துல பிரஷ்ஷும் பேஸ்ட்டும் வச்சுக்கிட்டு, தப்பு பண்ணினா மறுபடி கழட்டத் தயாரா ஒரு ஆள் இருக்கறதும் உள்கட்டமைப்புதான்.

இந்த வாரம் உங்க வீட்டு டெஸ்க்டாப்பைத் திறந்து பாருங்க. கத்திரி வர்றதுக்குள்ள தூசியைத் தட்டிருங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம், வணக்கம்.