பாலம் போன தூரம்

ஒகேனக்கலில் காவிரிக்கு இந்தப் பக்கம் தருமபுரி மாவட்டம், அந்தப் பக்கம் கர்நாடகம். இக்கரையில் பாலம் என்பதை அக்கரையில் சேதுவெ என்பார்கள். தெலுங்குக்காரருக்கு அது ‘வந்தென’. மலையாளம் மட்டும் பாலத்தை நம்மைப் போலவே வைத்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், காவிரியைத் தாண்டாத சொல் கடலைத் தாண்டிவிட்டது. சிங்களத்தில் பாலத்துக்குப் பெயர் ‘பாலம’. நம் அம்பலம் அங்கே ‘அம்பலம’ ஆனதும் இதே கணக்கில்தான்.

சேது நமக்கும் அந்நியமில்லை. வடமொழியில் அது அணை, கரை, பாலம் மூன்றையும் குறிக்கும். கம்பராமாயணத்தில் ‘சேது பந்தனப் படலம்’ இருக்கிறது. வானரங்கள் மலைகளைப் போட்டுக் கடலைத் தூர்த்த கதை அது. நியாயமாகப் பார்த்தால் அது அணைதான். ஆனாலும் ஊர்வாயில் ராமர் பாலம் ஆகிவிட்டது.

மரப்பாலம் என்ற பெயருக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. கோவை மதுக்கரையில் ஒன்று, ஈரோட்டில் ஒன்று, புதுச்சேரியில் ஒன்று, குன்னூர் மலைப்பாதையில் ஒன்று. ‘மரப்பாலம் ஒண்ணு’ என்று பஸ்ஸில் டிக்கெட் வாங்கி இறங்கிப் பார்த்தால் கான்கிரீட்டும் தாரும்தான். திறந்து கிடக்கும் மரம் நம் மழையில் எத்தனை நாள் தாங்கும்? உத்தரம் சும்மா நனைவதால் அவ்வளவாகக் கெடாது. மரத்தோடு மரம் சேரும் பொருத்தில் நீர் தங்கித்தான் உளுத்துப்போகும்.

அதற்கு வைத்தியம் கூரை. இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளைக்கு அருகே ஹாலி எல பக்கம், கல்லந்த ஓயாவின் மேல் நிற்கிறது போகொட பாலம். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். நீளம் ஏறக்குறைய 15 மீட்டர். பலா, மருது போன்ற மரங்களால் ஆனது. அடித்திருக்கும் ஆணிகூட மரம். அமெரிக்கக் கூரைப் பாலங்களைப் போலப் பலகைச் சுவர் அடைத்துக் களஞ்சியமாக்கவில்லை. இருபுறமும் வேலைப்பாடு செய்த கைப்பிடி, தூண்கள், மேலே கண்டிப் பாணி ஓட்டுக் கூரை. நடந்து போகிறவருக்கு நிழல் என்பது உபரி லாபம். ஓடு உடைந்தால் வேறு ஓடு மாற்றிக்கொள்ளலாம். உத்தரம் உளுத்தால் பாலமே போயிற்று.

கூரை மழைக்குத்தான் காவல், நெருப்புக்கு அல்ல. சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் 14ஆம் நூற்றாண்டில் கட்டிய கூரைப் பாலம் 1993 ஆகஸ்டில் ஓர் இரவில் பெரும்பகுதி எரிந்தது. மறு ஆண்டே அதைத் திரும்பக் கட்டித் திறந்தார்கள்.

தொடங்கிய இடத்துக்கே திரும்புவோம். தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. அங்கிருந்து ஊவா மலைக்குப் போனவர்கள் சிங்களம் பழகத் திணறியிருப்பார்கள். பாலமவும், கடையைக் குறிக்கும் ‘கடே’யும் மட்டும் யாரும் சொல்லித்தராமலே புரிந்திருக்கும்.