எலும்பைக் கண்டவர்களும் எலும்பைக் காத்தவர்களும்



போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர் ஒருவர் வேங்கிக்கால் வீட்டுக்கு வந்திருந்தார். கூடவே அவர் மகளும் வந்தாள். விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்து தொல்லுயிரியல் படிக்க ஆசை. அப்பாவுக்கு மனசில்லை. "எலும்பைச் சுரண்டுற வேலைக்கா சார் இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வைக்கிறது? நீங்களே எடுத்துச் சொல்லுங்க" என்றார். நான் பேசத் தொடங்கிப் பாதி வருவதற்குள் அவர்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இருக்கிறது. 1931இல் பேராசிரியர் மகலனோபிஸ் தொடங்கியது. 1959இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அதற்குப் பட்டம் வழங்கும் உரிமையைக் கொடுத்தது. கணக்குப் போடும் இடத்தில் டைனோசருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். புள்ளியியல் தனியாக இருந்தால் வளராது, மண்ணையும் உயிரையும் ஆராய்கிறவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மகலனோபிஸின் எண்ணம். அவர் அழைப்பின் பேரில் 1957இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜிலிருந்து பமீலா ராபின்சன் என்ற அம்மையார் வந்தார். புதைபடிவ ஊர்வனவற்றில் தேர்ந்தவர். நம் நாட்டு இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு கோதாவரி, பிராணஹிதா ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் அலைந்தார்.

அங்கே போச்சம்பள்ளி என்று ஓர் ஊர். நம் கிருஷ்ணகிரி பக்கத்துப் போச்சம்பள்ளி இல்லை, இது கோதாவரிப் பக்கம். 1958 முதல் அங்கே எலும்புகள் தென்பட்டன. 1960, 61இல் பெரும்பகுதியைத் தோண்டி எடுத்தார்கள். குறைந்தது ஆறு விலங்குகளின் எலும்புகள், சுமார் 300, ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. தொடை எலும்பு ஒன்றின் நீளம் மட்டும் 1.7 மீட்டர். 1961 தாகூர் நூற்றாண்டு. அதனால் அந்த விலங்குக்கு பாராபாசாரஸ் தாகோரை என்று பெயர் வைத்தார்கள். வங்காள மொழியில் 'பாரா பா' என்றால் பெரிய கால்.

இப்போது ஆண்டுகளைக் கவனியுங்கள். தோண்டி முடித்தது 1961. ஜெயின், குட்டி, ராய் சவுத்ரி, சட்டர்ஜி ஆகிய நால்வரும் முறைப்படி பெயர் சூட்டிக் கட்டுரை வெளியிட்டது 1975. எலும்புக்கூடு அந்நிறுவன அருங்காட்சியகத்தில் எழுந்து நின்றது 1977. எல்லா எலும்புகளையும் பற்றிய விரிவான விளக்கம் வந்தது 2010. தோண்டி எடுக்கச் சில பருவங்கள். புரிந்துகொள்ள ஐம்பது ஆண்டுகள்.

அத்தனை ஆண்டுகள் என்ன செய்தார்கள்? அதுதான் ஆய்வுக்கூட வேலை. கால் உடைந்தால் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிறார்கள் அல்லவா? அதேபோல மண்ணிலிருந்து எடுக்கும் முன்பே எலும்புக்குச் சாக்குத்துணியும் பிளாஸ்டர் மாவும் வைத்துக் கட்டுப் போடுவார்கள். ஆய்வுக்கூடத்தில் அந்தக் கட்டைப் பிரித்து, ஒட்டியிருக்கும் பாறையைச் சிற்றுளியாலும் ஊசியாலும் கொஞ்சம் கொஞ்சமாக நீக்க வேண்டும். விரிசலில் பசை விட்டு உறுதிப்படுத்த வேண்டும். அவசரப்பட்டால் பல கோடி ஆண்டு தாங்கிய எலும்பு ஒரு நொடியில் தூளாகிவிடும். இந்த வேலை செய்கிறவர்கள் பெயர் பெரும்பாலும் கட்டுரையின் தலைப்பில் வருவதில்லை.

பிறகு ஒப்பீட்டு உடற்கூறியல். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆட்டுக்கால் சூப்பில் நல்லி எலும்பைப் பார்த்ததும் "இது கால்" என்கிறோம். கோழியில் மார்பெலும்பு எது என்று தெரிகிறது. பழகிய எலும்பை வைத்துப் பழகாத எலும்பைப் படிப்பதுதான் அந்தக் கல்வி. இது இடதா, வலதா? கழுத்தா, வாலா? ஆறு விலங்குகள் கலந்து கிடந்தால் எது எதனுடையது? போச்சம்பள்ளியில் மண்டையோடு கிடைக்கவில்லை, சில பற்கள்தான். முதலை, பறவை, வேறு நாட்டு டைனோசர் என்று ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டுத்தான் விடை காண முடியும்.

இந்தக் கண் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு சம்பவம். 1984இல் குஜராத்தின் தோலி டுங்கிரியில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் மோகபே, முட்டைகளோடு சில எலும்புகளைக் கண்டெடுத்தார். எல்லாமே டைனோசர் குஞ்சின் எலும்புகள் என்று கருதப்பட்டது. 2001இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜெஃப் வில்சன் அந்தக் கல்லைப் பார்த்தார். முதுகெலும்புக் கண்ணிகள் கோத்திருக்கும் விதம் டைனோசருடையது அல்ல, பாம்புடையது என்று கண்டுகொண்டார். டைனோசர் கூட்டில் குஞ்சுக்குப் பக்கத்தில் சுருண்டிருந்த 3.5 மீட்டர் பாம்பு! 2010இல் சனாஜே இண்டிகஸ் என்று பெயர் பெற்றது. 17 ஆண்டுகள் அந்தப் பாம்பு அதே கல்லில்தான் கிடந்தது. பத்திரமாக வைத்திருந்ததால்தான் பின்னால் வந்த கண்ணுக்கு அது அகப்பட்டது.

இனி நம் ஊர்க் கதை. கேட்க வருத்தமாக இருக்கும். இப்போதைய அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு. அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து 1980களில் யாதகிரியும் அய்யாசாமியும் புருகத்காயோசாரஸ் என்ற விலங்கை விவரித்தார்கள். பேருடல் கொண்டது என்று பொருள். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். முதலில் ஊன் உண்ணி என்றார்கள். பிறகு நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்று மற்றவர்கள் திருத்தினார்கள். எலும்பே இல்லை, கல்லான மரமோ என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. உலகில் நடந்த விலங்குகளிலேயே பெரியது இதுவாக இருக்கலாம் என்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால் தீர்ந்துவிடும். ஆனால் எடுத்துப் பார்க்க எலும்பு இல்லை. அவை நொறுங்கி அழிந்துவிட்டன என்று 2017இல் செய்தி வெளியானது. படமும் அளவும்தான் மிச்சம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. களிமண்ணிலும் மழை ஈரத்திலும் ஊறிய எலும்பைக் காப்பது எளிதல்ல. போச்சம்பள்ளி எலும்பு நிற்கிறது, கல்லமேட்டு எலும்பு இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது எலும்பைச் சுரண்டும் அந்த வேலைதான்.

குறை சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. முப்பது வருடங்களுக்கு முன் ஒரு மாணவன் விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போய்விட்டு, நத்தை போலச் சுருண்ட ஒரு கல்லைக் கொண்டுவந்து கொடுத்தான். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குழியில் கிடைத்தது என்றான். அம்மோனைட். டைனோசர் காலத்துக் கடல் உயிர். "அடடா, அருமை" என்று சொல்லி ஆய்வக அலமாரியில் வைத்தேன். எந்த ஊர், எந்தக் குழி, எந்தத் தேதி, யார் கொடுத்தது என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஒட்டவில்லை. அலமாரி மாற்றியபோது அது வேறு கற்களோடு கலந்து, கடைசியில் குப்பையோடு போய்விட்டது. அந்தப் பையன் அடுத்த வருடம் வந்து "சார், என் கல்லு?" என்று கேட்டான். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இதைப் படிக்கிறாயா தம்பி? தப்பு என்னுடையதுதான். மன்னித்துக்கொள்.

அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு என் பதில் இதுதான். கண்டெடுப்பது அதிர்ஷ்டம், ஆடு மேய்க்கிறவருக்கும் வாய்க்கும். காப்பாற்றுவதும் படித்துச் சொல்வதும் பயிற்சி. அந்தப் பயிற்சி உள்ளவர்கள் நம் பக்கத்தில் மிகக் குறைவு. சம்பளம் கொஞ்சம் தாமதமாக வரலாம். போராட்டமும் இருக்கும், மறைக்கவில்லை. ஆனால் அரியலூர் மண்ணிலிருந்து அடுத்த எலும்பு வெளியே வரும்போது, மாவுக்கட்டு போடத் தெரிந்த ஒரு கை நம்மூர்ப் பெண்ணுடையதாக இருக்கட்டுமே. அனுப்பி வையுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கல்லோ கிளிஞ்சலோ கொண்டுவந்து நீட்டினால் ஊரும் தேதியும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வையுங்கள். ஒரு நிமிட வேலை. நான் செய்யாமல் விட்டது.

அன்புடனும் ஆசியுடனும்,
உங்கள் ஆசிரியர்,
வேங்கிக்கால்.